பால் கூலர்: ரிட்டர்ன் பைப்பில் கம்ப்ரஸர் வரை ஐஸ். சூப்பர்ஹீட் எவ்வளவு வர வேண்டும்?

உசிலை_கூலிங்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பால் சேகரிப்பு நிலையத்தில் கூலர் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆயிரம் லிட்டர் பல்க் கூலர். கேஸ் ஆர்-22, சீல்டு கம்ப்ரஸர், காயிலுக்குள் எவ்வளவு திரவம் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற எக்ஸ்பான்ஷன் வால்வு வைத்தது. போன வருடம் வேறு ஒருவர் கம்ப்ரஸர் மாற்றியிருக்கிறார். அந்தப் புதுக் கம்ப்ரஸரும் இப்போது ஸ்டார்ட் ஆகும்போது கடகடவென்று அடிக்கிறது.

கூலிங்கில் குறை சொல்ல முடியாது. பால் 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஆனால் ரிட்டர்ன் பைப் முழுக்க ஐஸ், கம்ப்ரஸர் உடம்பில் பாதி வரை வெள்ளை பூத்துக் கிடக்கிறது. முதலாளிக்கு அதைப் பார்த்தால் பெருமை. "எவ்வளவு ஐஸ் பிடிக்குது பாருங்க, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்கிறார். எனக்கு வேலை பழக்கிய அண்ணனும் ரிட்டர்ன் வேர்த்தால் போதும், ஐஸ் வந்தால் ரொம்ப நல்லது என்றுதான் சொல்லுவார்.

சூப்பர்ஹீட், அதாவது ஆவியான கேஸ் கொதிநிலைக்கு மேலே எவ்வளவு சூடாகிறது என்பதை, ஐடிஐயில் படித்தேன். பரீட்சையில் எழுதியதோடு சரி, ஃபீல்டில் யாரும் அளந்து பார்த்ததில்லை. இந்த கூலருக்கு அது எவ்வளவு இருக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும்? கேஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ஐஸ் போய்விடுமா?

பழைய_கேஜ்

தம்பி, முதலில் கேஸில் கை வைக்காதே. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

பைப்பில் ஐஸ் இருக்கிறது என்றால் பைப்பின் வெளிப்பரப்பு சைபர் டிகிரிக்குக் கீழே இருக்கிறது, வெளிக்காற்றில் ஈரம் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உள்ளே ஓடுவது வெறும் ஆவியா, திரவமும் கலந்து வருகிறதா என்பதை ஐஸ் சொல்லாது. மைனஸ் 25-ல் ஓடுகிற மீன் ஃப்ரீசரில் எட்டு டிகிரி சூப்பர்ஹீட் சரியாக இருந்தாலும் பைப் மைனஸ் 17-ல்தான் இருக்கும், ஐஸ் பிடித்துத்தான் தீரும். அது நோய் இல்லை. வீட்டு ஏசியில் அதே ஐஸ் நோய். ஆகவே ஐஸைப் பார்த்துப் பெருமைப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அளந்து பார்.

சாயந்திரப் பால் வந்து ஊற்றியதும் ஒரு தடவை, பால் குளிர்ந்து 5 டிகிரிக்கு வரும்போது ஒரு தடவை, கீழே கேட்டிருப்பதை எல்லாம் எடுத்துப் போடு. சக்ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குள் போகிற ரிட்டர்ன் பக்கம்), ஹெட் பிரஷர் (கம்ப்ரஸரிலிருந்து வெளியே வருகிற டிஸ்சார்ஜ் பக்கம்). எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பு (சக்ஷன் பைப்பின் வெப்பத்தை உணர்ந்து வால்வுக்குச் சொல்கிற சின்ன உருளை) கட்டிய இடத்தில் பைப் வெப்பம். கம்ப்ரஸருக்கு அரை அடி முன்னால் சக்ஷன் பைப் வெப்பம். டிஸ்சார்ஜ் பைப் வெப்பம், அதுவும் கம்ப்ரஸரிலிருந்து அரை அடியில். பாலைக் கலக்குகிற அஜிடேட்டர் ஓடுகிறதா என்றும் பார். அது நின்றிருந்தால் அடித்தட்டில் பால் உறைந்து, வெப்பம் ஏறாமல், வால்வு என்ன செய்தாலும் திரவம் திரும்பி வரும்.

புதூர்_வாத்தியார்

அளக்கப் போகிற தம்பிக்கு அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் இருக்கிற வரை 100 டிகிரிதான். கடைசிச் சொட்டும் ஆவியான பிறகுதான் அந்த ஆவி 100-ஐத் தாண்டிச் சூடாக முடியும். தாண்டிய அளவுக்குத்தான் சூப்பர்ஹீட் என்று பெயர்.

ஆர்-22-ம் இப்படித்தான் கொதிக்கிறது. எந்த வெப்பத்தில் கொதிக்கும் என்பதை பிரஷர் தீர்மானிக்கிறது. கேஜில் 70 பி.எஸ்.ஐ என்றால் ஏறத்தாழ 5 டிகிரியில் கொதிக்கிறது. 57 அல்லது 58 என்றால் 0 டிகிரி. 46 என்றால் மைனஸ் 5. 37 என்றால் மைனஸ் 10. கேஜ் முகத்திலேயே பிரஷர் வட்டத்துக்கு உள்ளே ஆர்-22 என்று எழுதி வெப்ப அளவு போட்டிருப்பார்கள். பலர் அதைப் படிப்பதே இல்லை. இப்போது பைப்பைத் தொட்டு அளந்த வெப்பத்திலிருந்து அந்தக் கொதிநிலையைக் கழி. 70 பி.எஸ்.ஐ, பைப் 11 டிகிரி: 11-ல் 5 போக 6. சூப்பர்ஹீட் 6 டிகிரி.

அந்த 6 எதற்கு? ஒரு கிலோ ஆர்-22 0 டிகிரியில் முழுதாகக் கொதித்து ஆவியாக ஏறத்தாழ 205 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். ஆவியான பிறகு ஒவ்வொரு டிகிரி சூடேறவும் ஒரு கிலோஜூல்கூட இழுக்காது. அதனால் குளிர்ச்சி எல்லாம் கொதிப்பதில்தான் இருக்கிறது. காயிலின் கடைசிப் பகுதி, ஆவியைச் சூடாக்குவதற்காக நாம் விட்டுக்கொடுக்கிற இடம். கூடுதலாக விட்டுக்கொடுத்தால் காயில் வீண். கொஞ்சமும் விடாவிட்டால் திரவம் கம்ப்ரஸருக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் நமக்கு. எக்ஸ்பான்ஷன் வால்வு வைத்த பால் கூலருக்கு பல்பு இருக்கும் இடத்தில் 5 முதல் 8 வரை வந்தால் எனக்குத் திருப்தி.

தெப்பக்குளம்_டெக்

லேசர் துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டரைக் கொண்டு பைப் அளக்காதீர்கள். பளபளக்கிற செம்பில் அது காட்டுவது பைப் வெப்பம் இல்லை, சுற்றி இருக்கிற சுவரின் பிரதிபலிப்பு. பைப்பில் ஒயர் சென்சார் வைத்து, டேப்பால் இறுக்கி, மேலே ஃபோம் சுற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் படியுங்கள். துப்பாக்கிதான் கையில் இருக்கிறது என்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பைப்பில் சுற்றி, டேப்பின் மேல் அடித்துப் பாருங்கள். ஓரளவு உண்மை சொல்லும். ஐஸ் மேல் வைத்து அளப்பதும் கூடாது, சுரண்டிவிட்டு வைக்க வேண்டும்.

உசிலை_கூலிங்

எடுத்துவிட்டேன் அண்ணே. ஒயர் சென்சார்தான் வைத்தேன், ஐஸைச் சுரண்டி.

சாயந்திரப் பால் ஊற்றியதும், பால் 30 டிகிரி: சக்ஷன் 70 பி.எஸ்.ஐ. ஹெட் 265. பல்பு இடத்தில் 6 டிகிரி. கம்ப்ரஸர் பக்கம் 7. டிஸ்சார்ஜ் பைப் 60.

பால் 5 டிகிரிக்கு வந்தபோது: சக்ஷன் 46. பல்பு இடத்தில் மைனஸ் 5. கம்ப்ரஸர் பக்கம் மைனஸ் 4. டிஸ்சார்ஜ் 54.

அஜிடேட்டர் நன்றாக ஓடுகிறது. இன்னொன்று, பல்பைத் தொட்டால் லேசாக ஆடுகிறது. பைப்பின் அடிப்பக்கம் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மேலே இன்சுலேஷன் எதுவும் இல்லை.

பழைய_கேஜ்

கடைசி வரியில் நீயே விடையை எழுதிவிட்டாய்.

கணக்கைப் பார். 70-க்கு 5 டிகிரி, பைப் 6. சூப்பர்ஹீட் 1. பிறகு 46-க்கு மைனஸ் 5, பைப்பும் மைனஸ் 5. சூப்பர்ஹீட் சைபர். சைபர் என்பது ஒரு மோசமான எண். மூன்று என்றால் மூன்று என்று தெரியும். சைபரில் வந்துவிட்டால் பைப்புக்குள் நூற்றில் ஒரு பங்கு திரவமா, கால் பங்கு திரவமா என்று எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாது. திரவம் இருக்கிற வரை வெப்பம் கொதிநிலையிலேயேதான் நிற்கும்.

அதற்குத்தான் டிஸ்சார்ஜ் கேட்டேன். ஹெட் 265 என்றால் கண்டன்சரில் 50 டிகிரியில் திரவமாகிறது. கம்ப்ரஸரிலிருந்து வெளியே வருகிற ஆவி அதைவிட நன்றாகச் சூடாக, 80-க்கு மேல் வர வேண்டும். உனக்கு 60, அப்புறம் 54. கம்ப்ரஸருக்குள் போன திரவம் அங்கே கொதித்துச் சூட்டைத் தின்றுவிட்டது. சக்ஷன் பக்கம் சந்தேகம் வந்தால் டிஸ்சார்ஜைப் பார்ப்பது என் வழக்கம், அது பொய் சொல்வது குறைவு.

திரவம் போனால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் நேராகப் போனால் ரீட் வால்வு (சிலிண்டர் வாயில் திறந்து மூடுகிற மெல்லிய தகடு) உடையும். அதைவிட அதிகம் நடப்பது இது: அடியில் இருக்கிற ஆயிலில் கேஸ் கலந்து ஆயிலை நீர்த்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போது பிரஷர் திடீரென்று இறங்க, ஆயில் நுரைத்துப் பொங்கி வெளியே போகும். பேரிங்குக்கு ஆயில் இல்லை. உன் கடகட சத்தம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். போன கம்ப்ரஸரும் இதில்தான் போயிருக்கும். மாற்றிய ஆள் கம்ப்ரஸரை மாற்றினாரே தவிர, அதைக் கொன்றது எது என்று தேடவில்லை.

இனி பல்பு. வால்வின் தலையில் மூன்று சக்திகள். பல்புக்குள் இருக்கிற பிரஷர் வால்வைத் திறக்கப் பார்க்கும். காயில் பிரஷரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மூடப் பார்க்கும். சக்ஷன் பைப் குளிர்ந்தால் பல்பு குளிரும், அதன் பிரஷர் இறங்கும், வால்வு மூடும். உன் பல்பு பைப்போடு ஒட்டவில்லை, மேலே இன்சுலேஷனும் இல்லை. அது பைப்பின் குளிரைவிட மதுரைச் சீமை வெயிலைத்தான் அதிகம் உணர்கிறது. "பைப் சூடாக இருக்கிறது, இன்னும் ஊற்று" என்று வால்வுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வால்வு ஊற்றுகிறது.

அடிப்பக்கம் கட்டியதும் தப்பு. பைப்பின் அடியில் ஆயில் ஓடும், அது வெப்பத்தைச் சரியாகக் காட்டாது. படுக்கையாகப் போகிற பைப்பில்தான் பல்பு வைக்க வேண்டும். முக்கால் இஞ்சு, அதற்கும் சின்ன பைப் என்றால் மேல்பக்கம். ஒரு இஞ்சுக்கு மேல் என்றால் கடிகாரத்தில் 4 மணி அல்லது 8 மணி இருக்கும் இடம். பைப்பை எமரி போட்டுத் தேய்த்து, செம்புப் பட்டை இரண்டு போட்டு, பல்பு முழு நீளமும் ஒட்டுகிற மாதிரி இறுக்கி, மேலே ஃபோம் சுற்று. வால்வுக்கு ஈக்வலைசர் பைப் (காயில் முடிகிற இடத்துப் பிரஷரை வால்வுக்குக் கொண்டுவருகிற சின்னக் குழாய்) தனியாக வந்தால் அது பல்பைத் தாண்டிக் கம்ப்ரஸர் பக்கம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்.

மாட்டுத்தாவணி_குளிர்

இவ்வளவு ஏன்? வால்வு அடியில் மூடியைக் கழற்றி ஸ்பிரிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று உள்ளே கொடுத்தால் சூப்பர்ஹீட் ஏறிவிடப் போகிறது. நான் பூ வைக்கிற ரூமெல்லாம் அப்படித்தான் செட் பண்ணுகிறேன். மல்லிக்கு 5-லிருந்து 8 எல்லாம் வைத்தால் பூ வாடிவிடும். நான் 3, 4-க்கு மேல் விடுவதே இல்லை, கம்ப்ரஸர் நன்றாகத்தான் ஓடுகிறது.

பழைய_கேஜ்

ஸ்பிரிங் கடைசி வேலை, முதல் வேலை இல்லை. ஆடுகிற பல்பை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் இன்றைக்குச் சரியாகத் தெரியும். நாளை கட்டுக்கம்பி இன்னும் கொஞ்சம் தளரும், மறுபடியும் வெள்ளம். அப்படித் திருப்புவதாக இருந்தாலும் இரண்டு சுற்று ஒரேயடியாகக் கூடாது. கால் சுற்று, அரைச் சுற்று கொடுத்துவிட்டு இருபது நிமிடம் உட்கார வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் உட்காருவதில்லை. திருப்பு, பார், திருப்பு, பார் என்று போய் வால்வை ஆட விட்டுவிடுகிறார்கள்.

பூ ரூம் கணக்கு வேறு, அதில் நீங்கள் சொல்வது நியாயம்தான்.

புதூர்_வாத்தியார்

அது ஏன் நியாயம் என்பதையும் சொல்ல வேண்டும். பூ ரூமில் காற்று 4 டிகிரி, காயில் கொதிநிலை மைனஸ் 2 என்று வைப்போம். வித்தியாசம் 6. இந்த வித்தியாசம் சின்னதாக இருந்தால்தான் காற்றின் ஈரம் காயிலில் ஐஸாகப் போகாமல் ரூமிலேயே நிற்கும், மல்லி வாடாது. சக்ஷன் பைப் ஆவி எவ்வளவு சூடாக முடியும்? காற்றின் வெப்பத்தைத் தாண்ட முடியாது. ஆக அந்த காயிலில் சூப்பர்ஹீட்டின் உச்சவரம்பே 6. அதில் போய் 8 வேண்டும் என்று ஸ்க்ரூவைத் திருப்பினால் வால்வு மூடிக்கொண்டே போகும், காயிலில் பாதி பட்டினி கிடக்கும். காற்றுக்கும் கொதிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒத்துவரும். 6-க்கு 4. மாட்டுத்தாவணிக்காரர் கையனுபவத்தில் வந்து நிற்கிற எண் அதேதான்.

ஆனால் அந்த 4-ஐப் பால் கூலருக்குக் கொண்டுபோகக் கூடாது. 30 டிகிரிப் பால் திடீரென்று வந்து விழுகிற இடம், வால்வு ஏறி இறங்க இடம் வேண்டும்.

செல்லூர்_ஏசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வால்வு கிடையாது, கேபிலரி என்கிற மெல்லிய குழாய் வைத்த பழைய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்-22. ஒரு வீட்டில் ராத்திரி கேஸ் போட்டேன். ரிட்டர்ன் நன்றாக வேர்த்தது, சூப்பர்ஹீட் பார்த்தேன், 5 வந்தது. சரியென்று மூடிவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் வீட்டுக்காரர் போன்: அவுட்டோர் பக்கம் வால்வில் ஐஸ், ஆம்ப்ஸ் ஏறி ட்ரிப். போய்ப் பார்த்தால் சூப்பர்ஹீட் சைபர். லீக் இல்லை, ஃபில்டர் சுத்தம். ராத்திரி 5 இருந்தது மதியம் எங்கே போனது?

புதூர்_வாத்தியார்

எங்கும் போகவில்லை, ராத்திரி போட்ட கேஸ்தான் அதிகம்.

எக்ஸ்பான்ஷன் வால்வு சூப்பர்ஹீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபிலரிக்கு அந்த வேலை தெரியாது. அது ஒரு சின்ன ஓட்டை, இரண்டு பக்கமும் பிரஷர் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு விடும். மதியம் வெளியே 40 டிகிரி என்றால் ஹெட் பிரஷர் ஏறும், கேபிலரி வழியாகக் கூடுதலாகத் தள்ளும், சூப்பர்ஹீட் இறங்கும். ராத்திரி குளிர்ந்தால் ஹெட் இறங்கும், சூப்பர்ஹீட் ஏறும். ஆகவே கேபிலரி ஏசிக்கு ஒரே எண் கிடையாது. அந்த நேரத்து வெளி வெப்பமும் அறைக்குள் இருக்கிற ஈரக்குமிழ் வெப்பமும் சேர்ந்துதான் எண்ணைத் தரும்.

தொழிலில் புழங்குகிற ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. அதை டிகிரி செல்சியசுக்கு மாற்றினால் இப்படி வரும்: ஈரக்குமிழ் வெப்பத்தை ஒன்றரையால் பெருக்கு. அதிலிருந்து வெளி வெப்பத்தில் பாதியைக் கழி. இன்னும் 4.4 கழி. ஈரக்குமிழ் எடுக்க, தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றி இன்டோரின் மேலே காற்று உள்ளே இழுக்கிற இடத்தில் வை.

உங்கள் வீட்டுக்கு அறை ஈரக்குமிழ் 20 என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி வெளியே 28: முப்பதில் 14 போய், 4.4 போய், மீதி 11.6. மதியம் வெளியே 40: முப்பதில் 20 போய், 4.4 போய், மீதி 5.6. ராத்திரி 11, 12 வர வேண்டிய இடத்தில் நீங்கள் 5 வரும் வரை ஏற்றியிருக்கிறீர்கள். மதியம் அந்த அதிகப்படி நேராகக் கம்ப்ரஸருக்குப் போகிறது. ராத்திரியே 12-ல் நிறுத்தியிருந்தால் கத்திரி வெயிலில் தானாக 5, 6-க்கு வந்து நின்றிருக்கும்.

கோடையில் மதுரையில் வேலை நெருக்கடி. ராத்திரிதான் பல வீட்டுக்குப் போகிறோம், வெயில் தாழ்ந்த பிறகு. அதனால் இந்தக் கணக்கு நம் ஊருக்கு மற்ற ஊரைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

தெப்பக்குளம்_டெக்

கணக்கில் 3-க்குக் கீழே வந்தால் அன்றைக்கு சூப்பர்ஹீட் வைத்து கேஸ் போடாதீர்கள். அறை வறண்டு, வெளியே கொதிக்கும்போது அப்படித்தான் வரும். ஈரக்குமிழ் 18, வெளியே 40 என்றால் 2.6 தான். அந்த மாதிரி நேரத்தில் பெயர்ப்பலகையில் போட்டிருக்கிற எடையைப் பார்த்து, பழைய கேஸை எடுத்துவிட்டு, வேக்யூம் போட்டுத் தராசில் எடை வைத்து ஏற்றுவதுதான் நல்லது.

கே_கே_நகர்_வீட்டுக்காரர்

நான் மெக்கானிக் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏசிக்கு ஒவ்வொரு சித்திரையிலும் ஒருவர் வந்து "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று போட்டுவிட்டுப் போகிறார். பிரஷர் குறைவாக இருப்பதை கேஜில் காட்டவும் செய்கிறார். ஏசி கேஸ் வருடத்துக்கு ஒரு தடவை தீருமா சார்?

பழைய_கேஜ்

தீராது சார். அது மூடிய சுற்று. லீக் இருந்தால்தான் குறையும், லீக் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

பிரஷர் குறைவு என்று கேஜில் காட்டியது பொய்யாக இருக்காது. ஆனால் பிரஷர் இரண்டு காரணத்தால் குறையும். கேஸ் குறைந்தாலும் குறையும். ஃபில்டரில் தூசி அடைத்து, காயிலுக்குக் காற்று வராமல் போனாலும் குறையும். கேஜ் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பைப் வெப்பமும் எடுத்தால் பிரிந்துவிடும். கேஸ் குறைவு என்றால் சூப்பர்ஹீட் ஏகத்துக்கு ஏறியிருக்கும், 15, 20 என்று. காற்று குறைவு என்றால் சூப்பர்ஹீட் சைபருக்குப் பக்கத்தில் கிடக்கும். இரண்டாவது நிலையில் கேஸ் ஏற்றுவது கம்ப்ரஸருக்கு வெட்டுகிற குழி. அடுத்த தடவை வருகிறவரிடம் சூப்பர்ஹீட் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

திருநகர்_இன்வெர்ட்டர்

இன்வெர்ட்டர் ஏசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது எலக்ட்ரானிக் வால்வு. கம்ப்ரஸர் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேஜ் போட்டுப் பார்க்கிற நிமிடத்து சூப்பர்ஹீட்டை வைத்து கேஸ் போட முடியாது, எடைதான் ஒரே வழி. கோளாறு பார்க்க மட்டும் சூப்பர்ஹீட் உதவும், அதுவும் டெஸ்ட் மோடில் போட்டு.

5 டிகிரிக்கு ஆர்-410ஏ-வில் சுமார் 121 பி.எஸ்.ஐ, ஆர்-32-ல் 123. ஆர்-22-ன் 70-ஐ மனதில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து "பிரஷர் அதிகம்" என்று கேஸை இறக்கிவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 நன்றாகவே பிடிக்கும். வெல்டிங் வைப்பதற்கு முன் உள்ளே மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி_குளிர்

ஆர்-407சி போட்ட மெஷினுக்கு கேஜில் இரண்டு வெப்பம் காட்டுகிறதே, எதைக் கழிப்பது?

புதூர்_வாத்தியார்

அது மூன்று கேஸ் கலந்த கலவை, கொதிக்க ஆரம்பிக்கிற வெப்பமும் முடிக்கிற வெப்பமும் 5, 6 டிகிரி தள்ளி இருக்கும். சூப்பர்ஹீட்டுக்கு முடிக்கிற வெப்பத்தை, அதாவது டியூ என்று போட்டிருப்பதைக் கழியுங்கள். பபிள் என்று போட்டிருப்பதைக் கழித்தால் 6 இருப்பதாகத் தெரியும், உண்மையில் சைபர். ஆர்-404ஏ-விலும் இந்த வித்தியாசம் உண்டு, ஆனால் அரை டிகிரி அளவுதான், விட்டுவிடலாம்.

கொடைரோடு_சர்வீஸ்

ஒரு ஓரக் குறிப்பு. நான் கொடைக்கானல் ஹோட்டல்களுக்கு ஃப்ரீசர் பார்க்க ஏறுகிறவன். கீழே மதுரையில் படிக்கிற மாதிரி கேஜை மேலே படிக்கக் கூடாது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு என்பதை. கொடை 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் மதுரையைவிட 3 பி.எஸ்.ஐ குறைவு. ஏசி பிரஷரில் 3 பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஆர்-134ஏ ஃப்ரீசரில் 4, 5 பி.எஸ்.ஐ-தான் மொத்தமே. கேஜில் 4.6 பார்த்து மைனஸ் 20 என்று நினைப்போம், உண்மையில் மைனஸ் 24. சூப்பர்ஹீட் நாம் கணக்குப் போட்டதைவிட 4 டிகிரி அதிகம் இருக்கும். அதை அறியாமல் கேபிலரி ஃப்ரீசரில் கேஸைக் குறைத்துப் பட்டினி போட்ட கதைகள் மலையில் நிறைய. கேஜ் எண்ணிலிருந்து 3 கழித்துவிட்டு அட்டவணை பாருங்கள்.

உசிலை_கூலிங்

பல்பு வேலை முடிந்தது. பைப்பைத் தேய்த்து, பல்பை மேல்பக்கம் மாற்றி, செம்புப் பட்டை இரண்டு போட்டு, ஃபோம் சுற்றிவிட்டேன். முக்கால் இஞ்சு பைப்தான். ஈக்வலைசர் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொடவில்லை, கேஸையும் தொடவில்லை.

புது ரீடிங். பால் 30 டிகிரியில்: சக்ஷன் 66, பல்பு இடத்தில் 11, ஹெட் 262, டிஸ்சார்ஜ் 88. பால் 5 டிகிரியில்: சக்ஷன் 44, பல்பு இடத்தில் 0, கம்ப்ரஸர் பக்கம் 3, டிஸ்சார்ஜ் 84.

66-க்கு 3 டிகிரி என்று எடுத்தால் சூப்பர்ஹீட் 8. 44-க்கு மைனஸ் 6, சூப்பர்ஹீட் 6. சரிதானே அண்ணே? பால் குளிர்கிற நேரம் கூடவில்லை. முதலாளிக்குத்தான் கவலை: "ஐஸ் எல்லாம் போச்சே, கேஸை இறக்கிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஓடும்போது சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் விடியற்காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்னும் கடகட.

பழைய_கேஜ்

கணக்கு சரி. டிஸ்சார்ஜ் 88 என்பதே போதும், கம்ப்ரஸருக்கு இப்போது ஆவிதான் போகிறது. அது 107-ஐத் தொட்டால்தான் மறுபக்கம் கவலைப்பட வேண்டும், ஆயில் கருக ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிடு.

முதலாளியிடம் பாலின் வெப்பத்தையும் கரண்ட் மீட்டரையும் காட்டு, ஐஸ் பேச்சை விடு.

விடியற்காலைச் சத்தம் வேறு விஷயம். அது ஓடும்போது வருகிற திரவம் இல்லை, நிற்கும்போது வருகிற திரவம். ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது, சுற்றில் எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் கேஸ் திரவமாகத் தங்கும். கம்ப்ரஸர் ஆயில் கேஸை இழுக்கும் குணமுள்ளது, அதனால் அங்கே இன்னும் சீக்கிரம் சேரும். இதற்கு சூப்பர்ஹீட் எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை. கம்ப்ரஸர் அடியில், ஆயிலைச் சூடாக வைத்து கேஸ் சேராமல் பார்த்துக்கொள்கிற கிராங்க்கேஸ் ஹீட்டர் பட்டை இருக்கும். நிற்கும்போது தொட்டுப் பார், கதகதவென்று இருக்கிறதா? திரவ லைனில் சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடுகிற வால்வு) இருந்தால் அது மூடியபின் கம்ப்ரஸர் சக்ஷனை இழுத்துக் காலி செய்துவிட்டு நிற்கிறதா, உடனே நிற்கிறதா என்றும் பார்.

உசிலை_கூலிங்

பார்த்தேன். ஹீட்டர் பட்டை இருக்கிறது, சில்லென்று இருக்கிறது. ஒயரை வெட்டி டேப் சுற்றி உள்ளே சொருகியிருக்கிறார்கள், கம்ப்ரஸர் மாற்றியபோது இணைக்கவில்லை போல. சொலினாய்டு இல்லை.

பழைய_கேஜ்

ஹீட்டருக்கு ஓம்ஸ் எடு, உடம்புக்கு எர்த் அடிக்கிறதா என்று மெகர் வைத்துப் பார். இரண்டும் சரியாக இருந்தால் கம்ப்ரஸர் நிற்கும்போது மட்டும் கரண்ட் வருகிற மாதிரி கான்டாக்டரில் இணை. இணைத்த அன்றைக்கு ராத்திரி முழுக்க ஹீட்டரை மட்டும் ஓட விட்டு, காலைப் பால் வரும்போது கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணு, அதற்கு முன்னால் வேண்டாம். உங்கள் பக்கம் கரண்ட் போனால் மணிக்கணக்கில் வராது, ஜெனரேட்டரை ஓட்டித்தான் பாலைக் காப்பாற்றுவார்கள். ஆகவே ஹீட்டர் லைனை ஜெனரேட்டர் பக்கத்திலும் சேர்த்துவிடு. நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தால் ஹீட்டரைப் போட்டு நேரம் கொடுத்த பிறகுதான் கம்ப்ரஸர் என்று நிலையத்துப் பையனிடம் சொல்லி, பேனலில் எழுதியும் ஒட்டிவிடு.

சொலினாய்டு அடுத்த செலவு. அதை முதலாளிக்கு இப்போதே சொல்லி வை. ஹீட்டர் போட்ட பிறகும் காலையில் சத்தம் வந்தால், திரவ லைன் வால்வை மூடி கம்ப்ரஸரை ஓட்டி, சக்ஷன் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து எழுது. ஏற்கெனவே அடிவாங்கிய ரீட் என்றால் அதில் தெரிந்துவிடும்.